பதிந்து வைத்த தீன் கொப்பு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் பிறகு வரும்.

1. சித்திரையில் எங்கள் பக்கத்து வீட்டு மைமூன் அக்காவின் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தது. புறவாசலில் நின்ற அத்திமரம் அவளுடைய கொழுந்தன் காதரின் பங்குக்குப் போனது.

2. மரம் நின்ற இடத்தில் தறிக்கொட்டகை போடுவதென்று காதர் முடிவு செய்தார். சாரல் காலத்தில் மண்சுவர் எழுப்ப முடியாது. அதனால் மரத்துக்கு ஆவணி வரை தவணை கிடைத்தது.

3. அதற்குள் அந்த மரத்திலிருந்து கன்று எடுத்துத் தருகிறேன் என்று மைமூன் அக்காவிடம் நான் சொன்னேன்.

4. சொல்லும்போது ஒரு யாழ்ப்பாணச் சொல்லைப் பயன்படுத்தினேன். தென்காசியில் அதற்கு வேறு பொருள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

5. பிறகு பேசினாள்.

ஒரு மரத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். வீடு, கிணறு, தறி எல்லாம் பிரிக்கப்பட்டபோது அக்கா வாய் திறந்து கேட்டது அந்த ஒரு மரத்தைத்தான். அவள் கணவர் பினாங்கில் கடையில் இருக்கிறார்; பிரிவினைக்கு வர முடியவில்லை. அவர் சார்பில் பேச வந்த பெரியவர்கள் மரத்தை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அளவுக் கயிறு போன வழியில் மரமும் போய்விட்டது.

*

இந்த மார்கழியோடு நான் தென்காசிக்கு வந்து நான்கு ஆண்டு நிறைகிறது. கொழும்பில் மாமனாரின் துணிக்கடையை ஏறக்கட்டியதும், என் கணவர் செங்கோட்டை மரக்கடை ஒன்றில் கணக்கு எழுத வந்ததும் ஊரில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். மலைநாட்டு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நான், இப்போது காலை ரயிலுக்கு இவருக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, மகள் ரஞ்சியைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வந்து, புறவாசலில் தக்காளி விதையை எண்ணி நடுகிறேன். முளைத்ததையும் முளைக்காததையும் எழுதி வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடல் கடந்தும் தமிழூர்தானே, என்ன கஷ்டம் என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் சேலையைப் பார்த்து, "நல்ல வடிவு" என்றேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து உள்ளே போய், "வடிவக்கா, உங்களைச் சிலோன்காரம்மா தேடுதாவ" என்று ஒருத்தியை அழைத்து வந்துவிட்டாள். நமக்கு அழகு என்றால் வடிவு; இங்கே அது பெண்ணின் பெயர். வந்த வடிவக்காவிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டு அனுப்பினேன்.

ஆண்டுக்கு ஒருமுறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். போன தடவை அலுவலகத்தில் இருந்தவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இலங்கைன்னு போட்டிருக்கு. தமிழ் நல்லாப் பேசுதிய. எங்கன படிச்சிய?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே பாராட்டினார். "வீட்டில" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ரஞ்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஐந்து வயதில் அவள் முழுத் தென்காசிக்காரி. நான் "கெதியா வா" என்றால், "வாறேம்மா, ஏன் வெரட்டுதிய?" என்கிறாள். ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் அவளுடைய தோழிகள் சாமி கும்பிடுவது போலக் கைகூப்பிக் காட்டுகிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். முதலில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் வலித்தது. இப்போது நானும் கைகூப்புகிறேன்.

*

மரத்துக்கு வருகிறேன். வந்த முதல் மாதமே மைமூன் அக்கா குட்டைச் சுவருக்கு மேலால் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "தீன் பழம்ட்டி. தின்னு பாரு" என்றாள். அவள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வேதத்தில் வருகிற அரபுச் சொல். என் காதில் 'தேன் பழம்' என்று விழுந்தது. தின்றேன். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த மரத்துக்கு என்ன எரு போடலாம் என்று விவசாய டிப்போவில் விசாரித்தேன். "தேன்பழமா? செவப்பா குண்டுமணி கணக்கா இருக்குமே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய பறிச்சுத் திங்குமே, அதுவா?" என்றார் அங்கிருந்தவர். "ரோட்டோரத்துல தானா மொளைக்கும்மா. அதுக்கு எருப் போட்டா ஊரு சிரிக்கும்." இங்கே தேன்பழம் என்பது வேறு மரம். நான் வாங்கி வந்த முதல் தாவர ஆலோசனை அது.

பிறகு நானே பார்க்கத் தொடங்கினேன். சிற்றாற்றங்கரையில் நிற்கும் நாட்டு அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இது அப்படியல்ல, இலைக்கணுவில் ஒவ்வொன்றாகக் காய்க்கிறது. இலை விரித்த கை போல ஐந்து பிளவு, தொட்டால் சொரசொரப்பு. பழுத்தால் தோல் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம், உள்ளே இளஞ்சிவப்பு. அடிக்கண் இறுக மூடியிருக்கிறது. நன்றாகப் பழுத்த நாளில் அந்தக் கண்ணில் ஒரு துளி பாகு நிற்கும். ஆக, இது சீமை அத்தி. அதில் எந்த ரகம் என்று சொல்ல என்னிடம் ஒப்பிடும் மாதிரிகள் இல்லை. கடையில் வரும் காய்ந்த அத்தியின் ரகம் இது இல்லை என்பது மட்டும் நிச்சயம். அதன் தோல் வெளிறியது, விதை தடித்தது.

விதை என்றதும் அக்கா பெருமூச்சு விட்டாள். "வருசா வருசம் கழுவிக் காயவச்சுப் போடுதேன். ஒண்ணு மொளைக்கணுமே! என் கை ராசி அப்படி."

கை ராசிக்கு ஒரு பரிசோதனை உண்டு. ஒரு பழத்தின் விதைகளைக் கழுவி, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டேன். எல்லாம் மிதந்தன. காய்ந்த அத்தியின் விதையைப் போட்டேன். பெரும்பாலும் அடியில் போய்த் தங்கின. அக்காவுக்குச் சொன்னேன்: சில அத்திகளுக்கு ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிற்கும். இதற்குக் குளவி தேவையில்லை, தானே பழுக்கிறது. ஆனால் விதைக்குள் கரு இல்லை. எத்தனை வருடம் போட்டாலும் முளைக்காது.

"அப்ப என் கை மேல குத்தமில்ல?"

"இல்லை அக்கா."

"இத முன்னாடியே சொல்லப்படாதா, மூதி! எத்தனை கொடம் தண்ணி ஊத்தியிருக்கேன்!"

விதை இல்லையென்றால் கொப்பு நறுக்கி நட வேண்டும். அங்கேதான் தடை. அந்த வீட்டில் ஒரு வழக்கம்: தீன் மரத்தில் அரிவாள் படக்கூடாது. அக்காவின் மாமனார் சொல்லிவிட்டுப் போனது. காய்ந்த கொப்பைக்கூடக் கையால் ஒடித்துத்தான் எடுப்பார்கள். பச்சைக் கொப்பை நறுக்கலாமா என்று நான் கேட்டதும் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் வெட்டப்போவது அவன் பாவம். தன் கையால் அது நடக்காது என்றாள்.

*

வேறொரு மரம் இருந்தால் இந்த இக்கட்டே இல்லை. அக்கா வீட்டு மரம் குற்றாலத்தில் துரை பங்களா ஒன்றின் தோட்டத்திலிருந்து வந்தது என்று அக்காவுக்குக் கேள்வி. ஆனி மாதம், சாரல் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் ரஞ்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தருவிப் பாதை முழுக்க ஈரத் தலையும் எண்ணெய் வாசனையும். இவர்கள் இருவரும் குளிக்கப் போக, நான் ஒரு இலையை நனையாமல் தாளில் மடித்து வைத்துக்கொண்டு பங்களாவைத் தேடிப்பிடித்தேன்.

தோட்டக்காரர் இலையைப் பார்த்ததும் சிரித்தார். "இது இங்கன நின்னதுதான். போன வருசக் காத்துல சாஞ்சு பட்டுப்போச்சு. ஒண்ணும் கவலப்படாதிய. தென்காசில தறிக்காரவுக வீட்டுல ஒண்ணு நிக்கி. அங்கன போய்க் கேளுங்க, குடுப்பாவ. இதுவே அங்கனருந்து வந்த மரந்தான்."

"அவையள் இங்கயிருந்து வந்தது எண்டல்லோ சொல்லினம்?"

"அவுக அப்படித்தாம் சொல்லுவாவ" என்றார்.

எது தாய், எது பிள்ளை என்பது இனித் தெரியப்போவதில்லை. தெரிந்தது ஒன்று: எனக்குத் தெரிந்த அளவில் மிச்சம் இருப்பது ஒரே மரம். ரஞ்சி குளித்து உதடு நீலமாக வந்து, "மரம் கெடைச்சிட்டாம்மா?" என்று கேட்டாள். நம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாம் என்றேன். அதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இவர் மாங்குஸ்தான் வாங்கினார்.

*

திரும்பும் பேருந்தில் வழி தோன்றியது. நம்மூரில் மல்லிகைக்குச் செய்வோமே, அதுதான். தாழ்ந்த கொப்பை வளைத்து, மரத்திலிருந்து அறுக்காமலே மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் வைத்துவிட்டால் கணுவில் வேர் விடும். அரிவாள் வேண்டாம். மறுநாள் காலை சுவரண்டை போய், மகிழ்ச்சியில் என் சொந்தத் தமிழிலேயே சொல்லிவிட்டேன்:

"அக்கா, வழி கண்டுபிடிச்சிட்டன். மரத்தைப் பதிஞ்சு வைப்பம். ஒண்டு உங்கட பேரில, ஒண்டு என்ர பேரில. காதர் அண்ணாச்சிக்குச் சொல்லவும் தேவையில்லை."

பெயர் என்று நான் சொன்னது தொட்டியில் கட்டும் அடையாள அட்டையை. பரிசோதனைக் கூடத்தில் எதற்கும் ஒரு பெயர் கட்டுவோம்.

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான்கு ஆண்டில் அவள் என்னிடம் 'ங்க' போட்டதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் சம்மதம் என்று எண்ணி, அன்று மாலையே சுவர் தாண்டிப் போய், தாழ்ந்த இரண்டு கொப்புகளை இரண்டு தொட்டிகளில் புதைத்து, பெயர் எழுதிய தகரத் துண்டுகளையும் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் இரண்டு கொப்பும் மண்ணை உதறிக்கொண்டு மேலே நின்றன. என் பெயர்த் தகரம் எங்கள் பக்கம் கிடந்தது.

அதன்பின் சுவருக்கு மேலால் கிண்ணம் வரவில்லை. நான் கூப்பிட்டால் அக்காவின் தறிச் சத்தம் கூடியது. காரணம் தெரியாத கோபம் எவ்வளவு நீளமானது என்று வேற்றூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் தமிழில் எந்த இடத்தில் கல் கிடந்தது என்று ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

பிடித்துக் கொடுத்தவர் காதர். ஒரு மாலை இவர் ரயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், தெருக் கதவு மறைவில், அவருக்கு மைனியான அக்காவின் சேலைத் தலைப்பு.

"அண்ணாச்சி, ஒரு ஞாயம் கேக்கணும். பாகம் பிரிச்சு ஈரங்கூடக் காயல. அதுக்குள்ள உங்க வீட்டம்மா எங்க மரத்தைப் பதியப் போறாவளாம். மைனி பேர்ல பாதி, அவுக பேர்ல பாதியாம். எனக்குச் சொல்லாண்டாமாம்! சிலோன்ல வேணா அப்படி நடக்கும். இங்கன பத்திர ஆபீசுல மரத்தைத் தனியாப் பதியமாட்டாவ, கேட்டுட்டேன்."

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த ஊரில், அதுவும் பாகப்பிரிவினை நடந்த வீட்டில், பதிவது என்றால் பத்திரம் பதிவதுதான். ஆண்டுதோறும் அலுவலகம் போய் என்னையே பதிந்துவிட்டு வருகிற ஒருத்தி அதைச் சொன்னால் வேறு எப்படிக் கேட்கும்?

விளக்கம் சொன்னால் இன்னும் ஒரு சொல் தவறும் என்று பயமாக இருந்தது. "உள்ளுக்கு வாங்கோ" என்று புறவாசலுக்குக் கூட்டிப்போய், என் மல்லிகைக் கொடி மண்ணுக்குள் போய் மறுபக்கம் தலைநீட்டும் இடத்தைக் காட்டினேன். கல்லை எடுத்து மண்ணை விலக்கினேன். வெள்ளை வேர் தெரிந்தது.

"இதைத்தான் நாங்கள் பதியிறது எண்டு சொல்லுறது."

காதர் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் எங்கள் ஓட்டுக்கூரைப் புறாக்கள் பறந்தன. "பதியன்! மைனி, பதியன் போடுததைச் சொல்லியிருக்காவ! இதுக்கா என்னைப் பத்திர ஆபீசுக்கு ஓடவிட்டிய?"

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். சிரிக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? பத்திரத்துல வீடு எழுதினாவ, கெணறு எழுதினாவ, தறிக்குழி எழுதினாவ. மரத்த ஒருத்தரும் எழுதல. எழுதாம கெடக்கே, வாரவ போறவ பேரெழுதிக்கிடுவாளோன்னு..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஒரு 'ன்' சேத்துச் சொன்னா நாக்கு தேஞ்சாட்டி போயிரும்?"

'ட்டி' திரும்பி வந்துவிட்டது. அன்றிரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

*

இம்முறை கொப்பை வளைத்துப் புதைத்தது அக்கா. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கணு மண்ணுக்குள் போகட்டும், நுனி வெளியே நிற்கட்டும், தண்ணீர் தேங்காமல் தொட்டிக்குள் ஓட்டாஞ்சில்லு போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடி முழுக்கச் சாரல். நம்மூர் மழை போல அடித்து ஓயாது; மலையிலிருந்து மாவு சலிப்பது போல வந்துகொண்டே இருக்கும். வேருக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. அழுகுவதற்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. காதர் மண்வெட்டியும் கயிறுமாக வந்து இடம் பார்த்துவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டு போவார். வானம் வெளுத்தால் எங்கள் இருவருக்கும் முகம் கறுக்கும்.

ஆவணியில் ஒரு காலை. நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல்: "ஏட்டி! பொழச்சிட்டு! பொழச்சிட்டுட்டீ!"

நம் பேச்சில் பிழைத்தது என்றால் தவறிப்போனது. கணக்குப் பிழைத்தது, காரியம் பிழைத்தது. இரண்டு கொப்பும் அழுகிவிட்டன என்றே நினைத்தேன். மாவுக் கையோடு போய்ப் பார்த்தால், தொட்டியின் அடித்துளையில் வெள்ளை நூல் போல வேர் நீட்டியிருக்கிறது. அக்கா தரையில் உட்கார்ந்து அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே பிழைப்பது என்றால் உயிரோடு இருப்பது. நான் அழுததற்குக் காரணம் கேட்டாள். சொன்னேன். "என்ன ஊருட்டி உங்க ஊரு! செத்ததுக்கும் பொழச்சதுக்கும் ஒரே வார்த்தையா?" என்றாள்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. வேர் விட்ட கன்றைத் தாய்மரத்திலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு அறுத்தே ஆகவேண்டும். இதை நான் முதலிலேயே சொல்லாமல் தள்ளிப் போட்டிருந்தேன். காதர் கூலியாட்களுக்குச் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் சொன்னேன். அக்கா மரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தறியில் நூல் நறுக்கும் கத்தரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பிள்ள பொறந்தா கொடி அறுக்காம முடியுமாட்டி? அது வெட்டுததுல சேத்தியில்ல."

பிஸ்மி சொல்லி, தானே நறுக்கினாள். வெட்டுவாயில் பால் சுரந்தது. சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

மரம் வெட்டிய நாளில் அக்கா கடையத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். காதர் கூலியாட்களை வெளியே நிறுத்தி, முதல் வெட்டைத் தான் போடாமல் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். அடுத்த நாள் எங்கள் வாசலுக்கு வந்து, "ஒரு கொப்பு எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். நட்டா வருமா? மைனிட்ட சொல்லாண்டாம்" என்றார். வரும் என்றேன். மைனிக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது, ரஞ்சி சொல்லிவிட்டாள்.

*

இன்றைய நிலை இது. கொட்டகைக்குச் சுவர் எழுந்து கூரை போட்டாகிவிட்டது. காதர் நட்ட கொப்பு துளிர்க்கவில்லை. தையில் இன்னொன்று போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதற்குக் கொப்பு தர மைமூன் அக்கா யோசிக்கிறாள். ரகத்தின் பெயர் தெரியவில்லை. என் அனுமதித் தாள் இன்னும் வரவில்லை. வாடகை வீடு என்பதால் என் கன்றைத் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஐந்து இலை விட்டிருக்கிறது. அக்காவுடையது கிணற்றடியில், தரையில் நிற்கிறது. அதன் மேல் கணுவில் பட்டாணி அளவில் ஒரு காய். இவ்வளவு சின்னக் கன்றில் அது உதிர்ந்துவிடும் என்பதுதான் என் கணிப்பு. இன்று காலை வரை நிற்கிறது.